அதாவது டீச்சரின் குழாய்க் கவிதை

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் பயன்பட்டது. மற்ற எல்லாருக்கும் அவர் அதாவது டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் கவிதை நடத்தும்போது ஒரு வரியை வாசிப்பார், சாக்பீஸைக் காற்றில் நிறுத்துவார், "அதாவது..." என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் பிள்ளைகள் பேனா மூடியைக் கழற்றுவார்கள்.

கரும்பலகையின் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் 'சொன்னது' என்றும் வலப்பக்கம் 'சொல்ல வந்தது' என்றும் எழுதுவது அவருடைய வழக்கம். இலை உதிர்ந்தது என்று கவிதை சொன்னால் அது இடப்பக்கம் போகும். யாரோ ஒருவர் இல்லாமல் போய்விட்டார் என்பது வலப்பக்கம்.

"கவிதை எழுதறவங்க எதையும் நேரா சொல்லமாட்டாங்க கண்ணுங்களா. ஒரு பொருளைக் காட்டுவாங்க. அதை நாம நல்லாப் பார்க்கணும். என்ன நிறம், என்ன சத்தம், பக்கத்துல யாரு இருக்கா, இருக்க வேண்டிய யாரு இல்லைன்னு பார்க்கணும். அதுதான் படிமம். அதைப் பிடிச்சா மையக்கருத்து தானா பின்னாடி வரும்."

ஒருமுறை கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், உண்மையிலேயே இலை மட்டும்தான் விழுந்திருந்தா?" என்று கேட்டாள்.

"இலை மட்டும் விழுந்திருந்தா பெருக்கித் தள்ளிட்டுப் போயிருப்பாங்க. எதுக்கு மெனக்கெட்டுக் கவிதை எழுதறாங்க? உட்காரு."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அவரிடம் படித்த பிள்ளைகள் தேர்வில் கவிதை வினாவைப் பார்த்துப் பயந்ததில்லை. அந்த விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

சிக்கல், மணி அடித்த பிறகும் அந்தக் கோடு அவருடைய தலைக்குள் அழியாமல் இருந்ததுதான். டாக்டர் "பார்க்கலாம்" என்றால் வெளியே வந்ததும் "அதாவது ஆபரேஷன் வேண்டாம்கிறார்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் "வாங்க, உட்காருங்க" என்றால் "அதாவது கிளம்புங்கன்னு அர்த்தம்" என்று கணவரின் சட்டையைப் பிடித்து இழுப்பார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளின் நடுவே கயிற்றுக்கும் மோட்டாருக்கும் இடையில் வாழ்கிறவர். அதிகம் பேசமாட்டார்.

"நான் தும்மினாக்கூட இவ உரை எழுதிடுவா" என்று சிநேகிதர்களிடம் சொல்வார். சொல்லிவிட்டு, டீச்சர் அதற்கும் ஓர் உரை தயாரிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறிவிடுவார்.

அவர்கள் இருந்தது கீழ்த்தளத்தில். மாடியில் டீச்சரின் தங்கையும் அவள் கணவரும். தங்கைக்கு, பள்ளிச் சீருடைகள் தைக்கும் கடை ஒன்றில் வேலை. பாதியை அங்கே தைப்பாள், மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து முடிப்பாள். அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருந்த நாளைவிட சாலையில் இருந்த நாள்தான் அதிகம். மாடிக்குத் தண்ணீர் ஏறுவதற்குக் குழாயில் வேகம் போதாது. அதனால் இரண்டு குடும்பத்துக்கும் பின்கட்டில் இருந்த ஒரே குழாய்தான். காலையில் அக்காவும் தங்கையும் அங்கே நின்று வாளி நிரம்பும்வரை பேசுவார்கள். நிரம்பி வழிந்த பிறகும் பேசுவார்கள். டீச்சரின் வாளி நீலம், தங்கையுடையது சிவப்பு.

அந்தப் பேச்சு நின்றுபோகக் காரணம் ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை. கடையின் முதலாளியம்மா தங்கையைத் தேடி வீட்டுக்கே வந்திருந்தார். புதிதாக ஒரு கிளை திறக்கப் போகிறார்கள். அதற்குப் பொறுப்பாக அவளையே போடலாம் என்று யோசனை. கீழ்வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்து பேசினார்கள். டீச்சர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றாள் தங்கை. பிறகு மாடியில் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க எழுந்து போனாள்.

அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. முதலாளியம்மாவின் முகத்தில் இருந்த கேள்விக்குறியை டீச்சரால் தாங்க முடியவில்லை.

"அதாவதும்மா, அவளுக்கு அவ்வளவா விருப்பம் இல்ல. முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்லக் கூச்சம். மரியாதைக்காகத்தான் யோசிக்கிறேன்னு சொல்லிட்டுப் போறா. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

முதலாளியம்மா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, சரியாகவே எடுத்துக்கொண்டார். அந்த வாரமே பொறுப்பு வேறொரு பெண்ணுக்குப் போனது. உண்மை தெரிந்த அன்று தங்கை படியிறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள். குரல்கூட உயரவில்லை.

"நான் யோசிச்சுச் சொல்றேன்னா, யோசிச்சுச் சொல்றேன்னுதான் அர்த்தம். என் வாய்க்கு நீ உரை எழுத வேண்டாம்."

டீச்சர் இரண்டு தடவை சமாதானத்துக்குப் போனார். இரண்டு தடவையும் "அதாவது நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா..." என்று ஆரம்பித்தார். முதல் தடவை தங்கை தையல் மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். இரண்டாம் தடவை ரேடியோவைப் போட்டாள். மூன்றாம் தடவை டீச்சர் போகவில்லை.

பிறகு குழாயடியில் சொல்லாமலே ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. டீச்சர் நீல வாளியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்துவார். அதன் பிறகு தங்கை சிவப்பு வாளியோடு இறங்குவாள். குழாயில் வாஷர் தேய்ந்திருந்ததால் எவ்வளவு திருகினாலும் நடுவில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

"ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்கறீங்க, ஒரு வாஷர் மாத்தக் கை வரலை" என்று டீச்சர் கணவரை இடித்தார்.

"அது பிளம்பர் வேலை. நான் போய் அவர் பொழப்புல கை வைக்கலாமா?" என்றார் கணவர். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு மரியாதையான காரணம் சொல்ல அவரால் மட்டுமே முடியும்.

இந்த நிலைமையில்தான் அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பின் முழு ஆண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும் வேலை டீச்சருக்கு வந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தாள். அதில், பாடத்தில் இல்லாத ஒரு குறுங்கவிதையைக் கொடுத்து அதன் மையக்கருத்தையும் படிமங்களையும் எழுதச் சொல்ல வேண்டும். கவிதை எந்தப் பாடநூலிலும் எந்தக் கையேட்டிலும் வந்திருக்கக் கூடாது. கையேடு போடுகிறவர்களோ எழுத்தில் வந்த எதையும் விட்டுவைக்கவில்லை. டீச்சர் எடுத்துப் பார்த்த கவிதை எல்லாம் ஏற்கெனவே யாராலோ உரித்துக் காயவைக்கப்பட்டிருந்தது. தாளை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. சமூக அக்கறை உள்ள கருத்தாக இருந்தால் நல்லது என்று வேறு சொல்லியிருந்தார்கள்.

ஒரு காலையில் டீக் கோப்பையோடு சமையலறை ஜன்னலில் நின்று பின்கட்டைப் பார்த்தார். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. தண்ணீர் வீணாவது வயிற்றெரிச்சலாக இருந்தது. தண்ணீர்ச் சிக்கனத்தைவிட வேறென்ன சமூக அக்கறை வேண்டும்? பால் பாக்கெட் வாங்கி வந்த காகிதப் பையின் பின்புறத்தில் நின்றவாக்கிலேயே எழுதினார்.

ஒரு குழாய்.
இரண்டு வாளி.
நீலம் நிரம்பியதும்
கதவு சாத்தும் சத்தம்.
பிறகுதான் சிவப்பு வரும்.
நடுவில் கொஞ்ச நேரம்
தண்ணீர்
யாருக்கும் இல்லாமல்
ஒழுகிக்கொண்டிருக்கும்.

வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் கவிதை. எழுதியவர் பெயர் தெரியவில்லை என்று குறிப்புப் போட்டு அனுப்பினார். விடைக்குறிப்பையும் அவரே எழுதினார். மையக்கருத்து: தண்ணீர்ச் சிக்கனம். ஒழுகும் தண்ணீர்: வீணாகும் இயற்கை வளம். நீலம், சிவப்பு: காட்சிப் படிமம். கதவு சாத்தும் சத்தம்: ஒலிப் படிமம். கச்சிதமாக இருந்தது. அச்சுக்கும் போய்விட்டது.

தேர்வு முடிந்த வாரம் கணவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"மேல் வீட்ல வேற வீடு பார்த்துட்டாங்களாம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அடுத்த மாசம் மாறிடறாங்க. சகலை போன்ல சொன்னார்."

"எதுக்காம்?"

"அவ கடைக்குக் கிட்டவாம்."

டீச்சர் வாயைத் திறந்தார். வலப்பக்கத்தில் எழுத வேண்டியது என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. முதல் தடவையாக அதைச் சொல்லவில்லை. தங்கை பிறந்த நாளிலிருந்து இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள். கல்யாணம்கூட அவர்களைப் பிரிக்கவில்லை, ஒரு மாடி உயரத்துக்குத் தள்ளி வைத்தது, அவ்வளவுதான். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போனால் போனதுதான்.

விடைத்தாள் திருத்தும் வேலை அவர் பள்ளி நூலகத்திலேயே நடந்தது. நீள மேசைகள், கட்டுக் கட்டாகத் தாள்கள், ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும் மின்விசிறி. முதன்மைத் திருத்துநர் ஓய்வுக்கு நெருங்கிய ஒரு தலைமையாசிரியை. அவருக்குப் பக்கத்தில் மீசை சார். மீசையை எடுத்துப் பல காலம் ஆகிவிட்டது, பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

தேநீர் வருவதற்குள்ளேயே மீசை சார் குரல் கொடுத்தார்.

"அதாவது டீச்சர், கொஞ்சம் இங்க வாங்க. உங்க விடைக்குறிப்புக்கும் பசங்களுக்கும் வாய்க்கா தகராறு."

"என்ன ஆச்சு?"

"தண்ணீர்ச் சிக்கனம்னு ஒரு பிள்ளைகூட எழுதலை. என் கட்டுல ஒருத்தன் மட்டும் குழாயை உடனே மாத்தணும்கிறதே மையக்கருத்துன்னு எழுதியிருக்கான்."

"அது பிளம்பர் பையனா இருப்பான்" என்றார் ஓர் ஆசிரியை, தலையைத் தூக்காமலே.

"சரியாத்தானே சொல்லியிருக்கான்?" என்றார் இன்னொருவர்.

"மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"சண்டை! எல்லாருக்கும் சண்டைதான் தெரியுது. ரெண்டு வீட்டுக்குச் சண்டை, மாமியார் மருமகளுக்குச் சண்டை. ஒருத்தி காதல் கவிதைன்னு நாலு பக்கம் எழுதி, கூடுதல் தாள் வேற வாங்கியிருக்கா."

நூலகமே சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

"கவிதையில சண்டைன்னு எங்க இருக்கு? தண்ணி ஒழுகுதுன்னு நேராவே இருக்கு. பசங்க கவனமாப் படிக்கலை. சைபர் போடுங்க."

"நேரா சொல்லியிருந்தா அது கவிதையே இல்லைன்னு வருஷா வருஷம் நீங்கதானே டீச்சர் சொல்வீங்க?" என்றார் மீசை சார். குத்தலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

தலைமையாசிரியை கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மொத்தப் பேருக்கும் சைபர் போட்டா நாளைக்குப் பெத்தவங்க வந்து வாசல்ல நிப்பாங்க. கேள்வியை ரத்து பண்ணிட்டா படிச்ச பிள்ளைக்கு நஷ்டம். முதல்ல நீங்க நாலு தாளை வாசிச்சுப் பாருங்க. அப்புறம் பேசுவோம்."

டீச்சர் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். தாள்களில் பெயர் இருக்காது. உருண்டைக் கையெழுத்தில் இருந்த ஒரு விடை இப்படித் தொடங்கியது.

'குழாய் ஒன்று என்பதால் இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள். முன்பு சேர்ந்து தண்ணீர் பிடித்திருப்பார்கள். இப்போது ஒருவர் போன பிறகுதான் இன்னொருவர் வருகிறார். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் சிவப்பு வாளிக்காரர் வருகிறார் என்றால், அவர் அந்தச் சத்தத்துக்காக எங்கோ நின்று காத்திருக்கிறார் என்று பொருள்.'

டீச்சர் அந்த வரியை மறுபடி வாசித்தார். மாடிப்படியின் திருப்பத்தில், இருட்டில், வாளியைப் பிடித்தபடி நிற்கும் தங்கை அவர் கண்ணுக்குத் தெரிந்தாள். தினமும் அங்கே நின்றிருக்கிறாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது.

அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

'நீல வாளிக்காரர் கதவைச் சத்தமாகச் சாத்துகிறார். மெதுவாகச் சாத்தினால் கவிதையில் அது வந்திருக்காது. நான் போய்விட்டேன், நீ வரலாம் என்று அவர் கதவால் சொல்கிறார். இவரும் கதவைக் கேட்டுத்தான் வருகிறார். எனவே இவர்கள் பேசுவதை நிறுத்தவில்லை. நடுவில் யாருக்கும் இல்லாமல் ஒழுகும் தண்ணீர் இவர்கள் சொல்லாமல் விட்ட பேச்சு. மையக்கருத்து: கோபம் போய்விட்டது. யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் மிச்சம்.'

அந்தக் கதவை மெதுவாகச் சாத்தினாலும் சாத்திக்கொள்ளும். டீச்சர்தான் ஒவ்வொரு காலையும் அதை ஓங்கிச் சாத்திக்கொண்டிருந்தார். ஏன் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் திரும்பி வந்தபோது மீசை சார் கேட்டார். "என்ன டீச்சர், கண்ணு கலங்கியிருக்கு?"

"ஃபேன் தூசி."

"எழுதின கவிஞர்கிட்டயே கேட்டுடலாமே, என்ன சொல்ல வந்தீங்கன்னு? யாருன்னு கண்டுபிடிக்க முடியாதா?"

"கேட்டாலும் அவங்களுக்குத் தெரியாது சார்" என்றார் டீச்சர்.

தலைமையாசிரியை பேனாவை நீட்டினார். "சரி, என்ன பண்ணலாம்?"

டீச்சர் தன் விடைக்குறிப்பில் தண்ணீர்ச் சிக்கனத்தை அடிக்கவில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்த்தார். மையக்கருத்து எதுவாக இருந்தாலும் கவிதையின் சொற்களிலிருந்து காரணம் காட்டியிருந்தால் முழு மதிப்பெண்.

"காதல்னு எழுதினவளுக்கு?" என்றார் மீசை சார்.

"காரணம் காட்டியிருக்காளா?"

"கதவுக்குப் பின்னால இதயம் துடிக்குதாம்."

"துடிக்கறது கவிதையில இல்லை. பாதி மார்க் போடுங்க. உழைச்சிருக்கா."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் மாடிப்படி ஏறினார். கையில் ஒரு வினாத்தாள். படித் திருப்பத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். சுவரில், வாளி உரசி உரசிச் சிவப்பாக ஒரு கீறல் விழுந்திருந்தது.

தங்கை மெஷினில் உட்கார்ந்து நீலப் பாவாடை ஒன்றுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் பாத்திரங்கள் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். ரேடியோவைப் போடவில்லை.

டீச்சர் தாளை மெஷின் மேல் வைத்து, கவிதை இருந்த இடத்தைக் காட்டினார். தங்கை உதட்டை அசைத்து வாசித்தாள். வாசித்து முடித்த பிறகும் தாளைக் கீழே வைக்கவில்லை.

"பரீட்சைல வந்ததா?"

"ஆமா."

"யாரு எழுதினது?"

பதில் வருவதற்குள் தங்கைக்கே தெரிந்துவிட்டது.

"நம்ம குழாயை ஊரே படிச்சிருக்கு" என்றாள். "சிவப்பு நானா?"

"அதா..." என்று டீச்சரின் வாய் தானாகத் திறந்தது. பல்லைக் கடித்து அந்தச் சொல்லை உள்ளேயே நிறுத்தினார். விக்கல் வந்தது போல ஒரு சத்தம்தான் வெளியே வந்தது.

தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் லேசாக இழுபட்டது. "சொல்ல வந்ததைச் சொல்லேன். வெடிச்சுடப் போறே."

"ஒண்ணும் சொல்ல வரலை. ஒண்ணு கேக்கணும்." டீச்சர் அட்டைப்பெட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டார். "அன்னைக்கு உங்க முதலாளியம்மாகிட்ட யோசிச்சுச் சொல்றேன்னியே. என்ன யோசிச்சே?"

இவ்வளவு காலத்தில் அக்கா இதைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது போல இருந்தது. தங்கை ஊசியிலிருந்து நூலை உருவினாள்.

"போகணும்னுதான் நினைச்சேன். ஆனா விடியறதுக்குள்ள கிளம்பணுமே, அந்த நேரத்துல குழாயில தண்ணி வராதேன்னு யோசிச்சேன். உன்கிட்ட சொன்னா என் வாளியையும் சேர்த்துப் பிடிச்சு வைப்பியேன்னு தோணுச்சு. அவங்க போனதும் உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன். அவ்வளவுதான் யோசனை."

டீச்சரிடமிருந்து ஒரே வரிதான் வந்தது. "தப்புப் பண்ணிட்டேன்டி."

தங்கை காத்திருந்தாள். அந்த வரிக்குப் பின்னால் வழக்கமாக வரும் விளக்கத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவே இல்லை. அது வராது என்று தெரிந்ததும் தோள் இரண்டும் இறங்க, பெருமூச்சு விட்டாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ரேடியோவுக்கு இத்தனை பேட்டரி செலவாகியிருக்காது" என்றாள்.

"இருந்துடுடி. போகாதே."

"யோசிச்சுச் சொல்றேன்."

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். கீழே கணவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன சொன்னா?"

"யோசிச்சுச் சொல்றேன்னா."

அவர் வழக்கம்போல உரைக்காகக் காத்திருந்தார். டீச்சர் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு அரிசி களையப் போனார். கணவர் சற்றுக் கலவரத்தோடு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

மறுநாள் காலை டீச்சர் நீல வாளியோடு பின்கதவைத் திறந்தபோது குழாயடியில் சிவப்பு வாளி இருந்தது. அதன் பக்கத்தில் தங்கை, தலையைக்கூட வாராமல், கொட்டாவி விட்டபடி.

"அந்த வீட்டுக்காரர்கிட்ட வரலைன்னு சொல்லியாச்சு" என்றாள். "ராத்திரியே லாரியிலேருந்து இவர் போன் பண்ணிட்டார். வாளியை வை."

டீச்சர் வைத்தார். குழாயைத் திறந்துவிட்டார்.

"அந்தக் கிளைல வேலை இனிமே கிடைக்காது" என்றாள் தங்கை. "அந்தப் பொண்ணு நல்லாத்தான் பார்த்துக்கறா. ஆனா மறுபடி யாராவது என்னைத் தேடி வந்தா நீ டீ மட்டும் குடுத்துட்டு உள்ள போயிடணும்."

"டீகூட நீயே போட்டுக்கோ. நான் அந்தப் பக்கமே வரலை."

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். வாளி நிரம்பி வழிந்தது. யாரும் குழாயைத் திருகவில்லை.

பின்கதவு திறந்தே இருந்ததால் சத்தம் கேட்டுக் கணவர் எட்டிப் பார்த்தார். ஒரே குழாயடியில் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் பல்துலக்கியை வாயிலிருந்து எடுத்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"மாமா, முதல்ல இந்தக் குழாய்க்கு ஒரு வாஷர் போடுங்க" என்றாள் தங்கை. "ஒன்பதாம் வகுப்புப் பசங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, மானம் போகுது."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"அதாவது?" என்று கேட்டார்.

"அதாவது ஒண்ணுமில்ல" என்றார் டீச்சர். "வாஷர் போடணுமாம். போய் வாங்கிட்டு வாங்க."